பிள்ளைகளின் தலையில் கை வையுங்கள்

நம் வீடுகளில் செபச் சத்தம் ஓய்ந்துவருகிறது. கோயிலைப் பற்றி நான் பேசவில்லை. கொசவபட்டியிலும் தவசிமடையிலும் அந்தோணியார் திருவிழா வந்தால் சுற்றுப்பட்டி சனமெல்லாம் வாடிவாசலைச் சுற்றி நிற்கிறது. தலைக்கட்டு வரியைப் பாக்கி வைக்க யாரும் விரும்புவதில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தேர் பார்க்க லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும், நல்லதுதான். சாணார்பட்டி வட்டாரத்தில், திருவிழா எதுவும் இல்லாத ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு டிவி சத்தம் கேட்கும். செபமாலைச் சத்தம் கேட்பது அபூர்வமாகிவிட்டது.

நடுவீட்டுச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கும். தாத்தா காலத்தில் சாமியாரை அழைத்து, மந்திரித்து, குடும்பத்தையே ஒப்புக்கொடுத்து மாட்டிய படம். அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிகிறது. அந்தப் படத்துக்கு நேர் கீழே அப்பா ஒரு போனோடும், அம்மா ஒரு போனோடும், பிள்ளை ஒரு போனோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுநன்மை வாங்கிய அந்தப் பையனை விசுவாச மந்திரம் சொல்லச் சொன்னால் பாதியில் நின்று அம்மா முகத்தைப் பார்க்கிறான். அம்மா அப்பாவைப் பார்க்கிறாள். அப்பாவுக்கும் பாதிதான் தெரியும். “எங்க அப்பத்தா முழுசாச் சொல்லும்” என்கிறார்.

அந்த அப்பத்தாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இதை நாம் யோசித்தே ஆகவேண்டும்.

தத்துவ போதகர் என்ற சேசு சபைக் குரு மதுரைக்கு வந்தது 1606-ல். அவருக்குப் பின் அருளானந்தர், வீரமாமுனிவர் என்று பெரிய பெரிய ஆட்கள் இந்த மதுரை மிஷனில் உழைத்தார்கள். அந்தப் பெயர்களை நாம் மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதற்குப் பின் நடந்ததைச் சொல்வதில்லை. 1759-ல் போர்ச்சுகல் அரசு சேசு சபையாரைத் துரத்தியது. 1773-ல் திருத்தந்தை 14-ஆம் கிளமென்ட் அந்தச் சபையையே கலைத்தார். புதிதாகக் குருக்கள் வருவது நின்றது. இருந்தவர்களும் கிழமாகிச் செத்துப்போனார்கள். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபையார் மறுபடி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது 1830-களின் கடைசியில்தான். இடையில் இரண்டு மூன்று தலைமுறை. கோவாக் குருக்களும் வேறு சிலரும் எப்போதாவது வந்து போனார்கள். ஒரு ஊருக்கு வருஷத்துக்கு ஒரு பூசை கிடைத்தாலே பெரிய காரியம். அந்த வருஷங்கள் அமைதியான வருஷங்களும் அல்ல. திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலி கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி மாறிப் போய், 1792-ல்தான் நிலையாகக் கும்பினிக்காரர்களிடம் வந்தது. படை நடந்த வழியெல்லாம் பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது.

நிலையாக ஒரு சாமியார் இல்லை. கோயில் பள்ளிக்கூடம் இல்லை. அச்சடித்த புத்தகம் அநேகமாக ஒரு வீட்டிலும் இல்லை. இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் அபூர்வம். அப்படியிருந்தும் பிரெஞ்சுக் குருக்கள் வந்து பார்த்தபோது இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். உபதேசியார் என்று ஊருக்கு ஒருவர் இருந்து, சாகக் கிடந்தவனுக்குச் செபம் சொன்னார், பிழைக்குமோ என்றிருந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். மற்றதையெல்லாம் வீடு பார்த்துக்கொண்டது. அம்மா சொன்னாள், பிள்ளை திருப்பிச் சொன்னது. பரலோக மந்திரமும் மங்கள வார்த்தையும் எழுத்தில்லாமல், வாயிலிருந்து வாய்க்கு வந்து, அந்த இருட்டைக் கடந்து நம் அப்பத்தா வரைக்கும் சேர்ந்தன.

இப்போது நமக்கு என்ன குறை? 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனது. வளனார் பேராலயம் இருக்கிறது. பங்குக்குப் பங்கு குருக்கள் இருக்கிறார்கள், கன்னியர் மடங்கள் இருக்கின்றன, ஞாயிறு மறைக்கல்வி இருக்கிறது, அன்பியக் கூட்டம் இருக்கிறது. பைபிள் முழுவதும் போனுக்குள் இருக்கிறது. ஒன்றுமே இல்லாத காலத்தில் கைவிட்டுப் போகாதது, எல்லாம் இருக்கிற நம் காலத்தில் கைவிட்டுப் போகிறது. இந்தப் பழியை நம் பிள்ளைகள் மேல் போடாதீர்கள். அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

“எங்க தாத்தா முழங்கால் போட்டுச் செபம் பண்ணி வச்ச பலன், இன்னைக்கு நாங்க நல்லா இருக்கோம்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். நானும் சொல்கிறேன், அதை மனசார நம்புகிறேன். ஒரு தலைமுறையின் செபம் அடுத்த தலைமுறைக்கு நிழலாக நிற்கும். ஆனால் விசுவாசம் என்பது தாத்தா பெயரில் இருந்து தானாகப் பேரன் பெயருக்கு மாறும் பட்டா நிலம் இல்லை. ஈசாக்கு யாக்கோபை ஆசீர்வதித்தது வாயைத் திறந்து, பக்கத்தில் அழைத்து, தொட்டு. யாக்கோபு கிழவனாகிக் கண் மங்கிப் படுத்திருந்தபோதும் எழுந்து உட்கார்ந்து, பேரன்கள் எப்ராயிமையும் மனாசேயையும் கிட்டே வரச்சொல்லி, இரண்டு கையையும் குறுக்கே மாற்றி அவர்கள் தலையில் வைத்துத்தான் ஆசி சொன்னார். பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவனிடம் இருக்கும் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். திமொத்தேயுவின் அப்பா கிரேக்கர். அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த வீட்டில் பாட்டியும் அம்மாவும் விட்டிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

நம் ஊர்க் கிழவிகள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையை வாசலில் நிறுத்தி, புளி தட்டித் தட்டிக் காய்ப்பேறிய கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார்கள். விரல் சொரசொரப்பாக இருக்கும், சில நாள் புளிப்பு வாசனையும் அடிக்கும். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடும். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து, கல்யாணத்தன்று கோயிலுக்குக் கிளம்பும் முன்பு நடுவீட்டில் முழங்கால் போட்டு, “அப்பத்தா, சிலுவை போடு” என்று கேட்டார்கள். இன்றைக்கு அந்தச் சிலுவை கல்யாண வீடியோவுக்காக ஒரு தடவை போடப்படுகிறது. இருபத்தைந்து வருஷமாக நெற்றியைத் தொடாத அப்பாவின் கை, அன்றைக்கு எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது.

தினமும் நாம் பிள்ளைகளிடம் பேசுவதையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். “உருப்படாத பயலே.” “நீயெல்லாம் விளங்கவே மாட்ட.” “எங்கயாவது போய்த் தொலை.” காலையில் பள்ளிக்கூட வேன் வருவதற்குள் பிள்ளை காதில் விழுவது இதுதான். மார்க் குறைந்தால் இது, பால் சிந்தினால் இது, தங்கச்சியை அடித்தால் இது. கோபத்தில் வருகிற சொல் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். கேட்கிற பிள்ளைக்கு அது அப்பா வாயிலிருந்து வருகிற தீர்ப்பு. ஆசீர்வதிக்க என்று கடவுள் கொடுத்த வாயால் பெற்ற பிள்ளையைச் சபிக்கிறவர் எந்த நாக்கை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குவது? இதை இன்றோடு நிறுத்துங்கள். கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், அடிக்கிற அளவுக்குக் கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். ஆனால் “விளங்க மாட்ட” என்ற சொல் இனிமேல் உங்கள் வீட்டில் கேட்கக் கூடாது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆபத்து. பரம்பரைச் சாபத்தை முறிக்கிறேன் என்று ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டிக் கூட்டம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால் பாட்டன் செய்த பாவம், மாமரம் காய்க்காவிட்டால் பூட்டன் செய்த பாவம், கர்ப்பம் தங்காவிட்டால் எந்தத் தலைமுறையிலோ யாரோ கும்பிட்ட தெய்வம். கடைசியில் ஒரு காணிக்கைக் கவர். நொந்துபோன தாய்மார்கள் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அந்தக் கவரை நிரப்புகிறார்கள். அம்மா, தங்கச்சி, கேளுங்கள். எசேக்கியேல் ஆகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தை உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். அப்பன் செய்த குற்றத்துக்காக மகனைத் தண்டிக்கும் கணக்கு தன்னிடம் இல்லை என்று ஆண்டவர் அங்கே உடைத்துச் சொல்கிறார். பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைக் காட்டி, இவன் பாவமா இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு சொன்னதை யோவான் எழுதிவைத்திருக்கிறார். ஞானஸ்நானத் தண்ணீரால் கழுவப்பட்ட பிள்ளையைச் சபிக்கப்பட்ட பிள்ளை என்று சொல்லும் வாய் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் நம்பாதீர்கள். தாலியை விற்றுக் காணிக்கை போடச் சொல்லும் கடவுளை இயேசு நமக்குக் காட்டவே இல்லை.

அதற்காக முன்னோரிடமிருந்து கெட்டது எதுவும் நம்மிடம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். வருகிறது, நம் கையாலேயே வருகிறது. மாயமாக அல்ல, பார்த்துப் பார்த்து.

சாராயம் அப்படித்தான் வருகிறது. டாஸ்மாக் பாட்டில் வாங்கிவரச் சொல்லி அனுப்பும் அப்பாவைப் பார்த்து வளரும் மகன் பிறகு என்ன செய்வான்? எரேமியா ஆகமத்தில் இரேக்காபியர் என்று ஒரு குடும்பம் வருகிறது. இறைவாக்கினரே கோயில் அறைக்குள் அழைத்துப் போய், கிண்ணத்தில் திராட்சை மது ஊற்றி வைத்துக் குடிக்கச் சொல்கிறார். அவர்கள் தொடவில்லை. எங்கள் மூதாதை யோனதாபு குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான், என்கிறார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் ஒரு தகப்பன் சொன்ன சொல். அதைக் கடவுளே எடுத்துக்காட்டாகச் சொல்லி அந்தக் குடும்பத்துக்கு வாக்களிக்கிறார். உங்கள் கொள்ளுப்பேரன் ஒரு கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால், நீங்கள் இன்றைக்கு அந்தக் கிண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.

சாதியும் அப்படித்தான் வருகிறது. சொல்லக் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் பொய். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பிறந்து 1864-ல் மறைந்தார். ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரி வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர், ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவர் வழியில் வந்தவர்கள் ‘சுவிசேஷக் கவிராயர்’ என்ற பட்டத்தையும் கதாகாலட்சேபத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறார்கள். விசுவாசத்தைக் குடும்பச் சொத்தாகக் காப்பாற்றியதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதே சாஸ்திரியார், எல்லாச் சாதியாரும் கோயிலில் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பருக வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிமார் சொன்னபோது, அதை எதிர்த்து எழுதினார். இவ்வளவு பெரிய பக்தர் மனசிலேயே அது ஒட்டிக்கொண்டிருந்தது என்றால், நாம் எம்மாத்திரம்?

அது புத்தகத்தோடு முடிந்துவிடவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியாகப் புதைக்கச் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி வந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சுட்டது போலீஸ், ஆனால் மோதியவர்கள் இரண்டு பக்கமும் ஒரே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாவம் இருக்கிறது என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டது. ஆயர்கள் காகிதத்தில் ஒத்துக்கொண்டதை நாம் சோற்றுப் பானைக்கு முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சாதி கோயிலில் கற்றுக்கொடுக்கப்படுவதில்லை. இராத்திரி சாப்பிடும்போது, “அந்தத் தெருப் பயலோட உனக்கென்ன சேக்கை?” என்று ஒரு வார்த்தை விழுகிறது, பிள்ளை அதை எடுத்துக்கொள்கிறது. பரலோக மந்திரம் சொல்லித்தர நேரமில்லாத வீட்டில் இதற்கு மட்டும் நேரம் கிடைத்துவிடுகிறது.

வேறு மாதிரியும் கொடுக்க முடியும், நம் பக்கத்திலேயே பார்க்கலாம். திண்டுக்கல் முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவில் நேர்ச்சையாக வருகிற ஆடும் கோழியும் அரிசியும் வெங்காயமும் ஒன்றாகக் கொட்டிச் சமைக்கப்படுகின்றன. யார் கொடுத்த ஆடு யார் தட்டில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. சாதி, மதம் கேட்காமல் விடிய விடியச் சாப்பாடு. அங்கே அப்பா தோளில் உட்கார்ந்து வரிசையில் நிற்கிற பிள்ளை ஒரு பாடம் படிக்கிறது. அந்தப் பாடத்தை வருஷத்துக்கு ஒரு இராத்திரியோடு நிறுத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்புத் தோழன் எந்தத் தெருவாக இருந்தாலும் வரச்சொல்லி, உங்கள் தட்டில், உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். பிள்ளை அதைச் சாகும்வரை மறக்காது.

இப்போது ஏன் இத்தனை அவசரம் என்று கேட்கலாம். யோசுவாவும் அவரோடு இருந்த பெரியவர்களும் செத்த பிறகு, ஆண்டவரையும் அவர் செய்ததையும் அறியாத ஒரு தலைமுறை எழும்பியது என்று நீதித்தலைவர்கள் ஆகமம் சொல்கிறது. கடலைப் பிளந்து வந்த மக்களுக்கே அது நடக்க ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. செபமும் பழைய பாட்டும் வாயில் வைத்திருக்கும் கிழவிகள் நம் தெருக்களில் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெரிய வியாழன் இராத்திரி முழுக்கக் கண் விழித்து ஆண்டவரின் பாடுகளைப் பாட்டாகப் பாடும் கிழவிக்கு மூச்சு வாங்குகிறது. சின்னக் குறிப்பிடம் என்ற பழைய ஞானோபதேசத்தைக் கேள்வி பதிலாக மனப்பாடம் ஒப்பிக்கத் தெரிந்தவர் ஊரில் இனி எத்தனை பேர்? பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பாட்டியிடம் உட்காரவையுங்கள். போனில் பாட்டியின் குரலைப் பதிவு செய்யட்டும். அந்தப் போனுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கும்.

அப்பாக்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செபம் பொம்பளைகள் வேலை என்று ஒதுங்கி நிற்காதீர்கள், தம்பி. மில் ஷிப்ட் முடிந்து அசதியாக வருகிறீர்கள், தெரியும். மாந்தோப்புக் காவல், பூ பறிக்க விடியற்காலம் எழுவது, வட்டிக் கவலை, எல்லாம் தெரியும். ஐந்து நிமிஷம் போதும். டிவியை நிறுத்துங்கள், போன்களை ஒரு பக்கம் வையுங்கள், ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை, ஒரு பிதா சுதன். உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்றால் பிள்ளையோடு சேர்ந்து மீதியைப் படியுங்கள். அப்பாவும் படிக்கிறார் என்று பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாடம். முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளை நெற்றியிலும் சிலுவை போட்டு, அதன் பெயரைச் சொல்லி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டில் எல்லாருக்கும் கூச்சமாக இருக்கும். கூச்சத்தைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். பிள்ளை ஹாஸ்டலில் இருந்தாலோ சவுதியில் இருந்தாலோ, வீடியோ காலை வைக்கும் முன்பு அந்த ஆசியைச் சொல்லுங்கள்.

கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்று வீட்டுக்குள் பிளவு இருந்தால், பிள்ளைகளுக்கு முன்னால் அதை வாதம் பண்ணாதீர்கள். இரண்டு பேருக்கும் தெரிந்த செபத்தை இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்கள், மற்றது பிறகு.

இன்னும் ஒன்று. வரப்புத் தகராறிலோ, அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு போட்டதிலோ, அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறோம். பிள்ளைகளும் சித்தப்பா வீட்டு வாசலைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டன. கல்லறைத் திருநாளில் ஒரே அப்பா குழிமேட்டில் ஆளுக்கொரு நேரத்தில் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். வருகிற நவம்பர் 2 வரைக்கும் காத்திருக்க வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை ஒரு நாள் தள்ளிவையுங்கள். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே தம்பி வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.